தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலகிலேயே அதிகமாக நிலத்தடி நீரை எடுக்கும் நாடு இந்தியா. அந்த இந்தியாவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, நம் மாவட்டங்களைப் போலவே கடினப் பாறைப் பூமி. ஆகவே பாலக்கோட்டிலும் ஊத்தங்கரையிலும் தண்ணீரைக் காப்பாற்றும் வழி தெரிந்தால் நாட்டின் பெரும்பகுதிக்கும் அது பொருந்தும். விவசாயிகளும் ஊராட்சி உறுப்பினர்களும் வீட்டுக்காரர்களும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே உள்ளன.

ஆயிரம் அடி போர் போட்டும் ஏன் புகைதான் வருகிறது?

நம் காலடியில் இருப்பது கிரானைட், நைஸ், சார்னோகைட் வகைப் பாறை. மணற்பாறை போல உடல் முழுவதும் நீரை உறிஞ்சி வைக்கும் தன்மை இவற்றுக்குக் கிடையாது. நீர் தங்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, மேலே மண்ணும் சரளையும் சிதைந்த பாறையுமாக இருக்கும் அடுக்கு. பெரும்பாலான இடங்களில் 30 முதல் 70 அடி வரை. மற்றொன்று, அதற்குக் கீழே கெட்டிப் பாறையில் உள்ள வெடிப்புகள். ஆழம் கூடக் கூட மேல் பாறையின் எடை அழுத்துவதால் வெடிப்புகள் குறைகின்றன, இருப்பவையும் குறுகிப் போகின்றன. 300 அடிக்குள் வெடிப்பு கிடைக்காத இடத்தில் 1000 அடியில் கிடைப்பது அபூர்வம்.

அப்படிக் கிடைத்தாலும் அந்த வெடிப்பு தானாக நிரம்புவதில்லை. மேலடுக்கு ஈரமாக இருந்தால்தான் அங்கிருந்து கசிந்து கீழே இறங்கும். ஆழ்துளையை நம்பி மேலடுக்கை வறள விட்டால் முதல் இரண்டு கோடை தாங்கும், பிறகு காற்றுதான். சேமிப்பு என்று நமக்கு இருப்பதே மேலே உள்ள அந்த 70 அடிதான். பாதுகாக்க வேண்டியது அதைத்தான்.

எங்கள் ஊரில் நல்ல மழை பெய்கிறதே, அது எங்கே போகிறது?

இரு மாவட்டங்களிலும் ஆண்டுக்குச் சராசரியாக 800 முதல் 900 மி.மீ. வரை மழை. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமும் கிடைப்பது நம் பேறு. இதில் பெரும்பகுதி ஆவியாகவும் பயிர்கள் வழியாகவும் வானத்துக்கே திரும்புகிறது. ஒரு பகுதி ஓடையில் ஓடுகிறது. சிதைந்த பாறை நிலத்தில் தானாக நிலத்தடிக்கு இறங்குவது தோராயமாக 10 சதவீதம்தான். மேல்மண் இல்லாத கரட்டிலும் பாறைமேட்டிலும் அது 1 சதவீதத்துக்கு அருகில் நிற்கும்.

மழை வரும் விதமும் முக்கியம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் வலுவிழந்து கடந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. பதிவானது. ஓராண்டு மழையில் பாதிக்கு மேல் ஒரு நாளில் கொட்டினால் மண் அதைக் குடிக்க நேரமே இருக்காது. ஏரியும் குட்டையும் தடுப்பணையும் அந்த நேரத்தை வாங்கிக் கொடுக்கத்தான் இருக்கின்றன.

ஊருக்கு நீர்க் கணக்கு போடுவது எப்படி?

இரண்டு சூத்திரம் போதும். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர்.

1,000 ஏக்கர் பரப்பும் 3,000 மக்களும் உள்ள ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். மழை 850 மி.மீ., அதில் 10 சதவீதம் உள்ளே இறங்கினால் 85 மி.மீ. ஏக்கருக்கு 3.44 லட்சம் லிட்டர். ஊர் முழுக்க 34.4 கோடி லிட்டர். இதுதான் ஆண்டு வரவு.

செலவில் முதலில் குடிநீர். ஜல் ஜீவன் திட்டத்தின் அளவான நபருக்கு 55 லிட்டர் என்று வைத்தால் 3,000 பேருக்கு ஆண்டுக்கு 6 கோடி லிட்டர். ஓடைக்கும் மரங்களுக்கும் என 3 கோடியை ஒதுக்குங்கள். அதைத் தொடக்கூடாது. மீதி 25 கோடி லிட்டர்தான் பாசனத்துக்கு.

இப்போது பயிரைப் பாருங்கள். நெல்லுக்கு மொத்தம் 1,200 மி.மீ. வரை நீர் வேண்டும். மழை தருவது போக 800 மி.மீ. கிணற்றிலிருந்து இறைத்தால் ஏக்கருக்கு 32.4 லட்சம் லிட்டர். 25 கோடியை வைத்து 77 ஏக்கர் நடலாம். சொட்டுநீரில் தக்காளிக்கு 400 மி.மீ. இறைத்தால் 154 ஏக்கர். ஆடியில் விதைத்த கேழ்வரகுக்கு வாடும் நேரத்தில் மட்டும் இரண்டு தண்ணீர், அதாவது 100 மி.மீ. விட்டால் 617 ஏக்கர். பாய்ச்சிய நீரில் கொஞ்சம் மறுபடி கீழே இறங்கும், ஆகவே உண்மையான எண் சற்றுக் கூடலாம். ஆனாலும் விகிதம் மாறாது.

பயிரை யார் எதைப் போடுவது என்று யாரும் உத்தரவிட முடியாது. ஆனால் இந்தக் கணக்கைக் கிராம சபையில் வாசித்துக் காட்டலாம். கரும்பும் நெல்லும் கோடையில் போடுவது பக்கத்து வயலின் போரையும் ஊர்க் குடிநீரையும் எடுத்துப் போடுவது என்பது எண்ணாகத் தெரிந்துவிட்டால் பேச்சே வேறு மாதிரி நடக்கும்.

அரசும் இதே முறையில்தான் பகுதி பகுதியாகக் கணக்கெடுக்கிறது. வரவில் 70 சதவீதம் வரை எடுத்தால் பாதுகாப்பானது, 70 முதல் 90 வரை ஓரளவு அபாயம், 90 முதல் 100 வரை அபாயம், 100-ஐத் தாண்டினால் அதிநுகர்வு. நம் மாவட்டங்களில் பல பகுதிகள் கடைசி வகையில் இருக்கின்றன.

நீர்மட்டத்தை நாங்களே அளக்க முடியுமா?

முடியும், அளக்கவும் வேண்டும். ஊரில் நான்கைந்து திறந்த கிணறுகளைத் தேர்ந்தெடுங்கள். கிணற்று விளிம்பில் ஒரு புள்ளியைப் பெயின்டால் குறித்து, எடை கட்டிய டேப்பை எப்போதும் அங்கிருந்தே இறக்குங்கள். மோட்டார் ஓடி நிறுத்தி 8 மணி நேரமாவது ஆன பிறகு, விடியற்காலையில் அளப்பதுதான் சரி. மாதம் ஒருமுறை போதும்; மே மாத அளவையும் ஜனவரி அளவையும் மட்டும் தவற விடாதீர்கள். மே அளவு ஆண்டுக்கு ஆண்டு இறங்கிக்கொண்டே போனால், ஜனவரியில் கிணறு நிரம்பித் தெரிந்தாலும் ஊர் கடனில்தான் ஓடுகிறது.

போர் எவ்வளவு கொடுக்கிறது என்பதை “ரெண்டு இஞ்ச் தண்ணி” என்று சொல்வதை விட, 200 லிட்டர் டிரம்மை நிரப்ப எத்தனை வினாடி என்று எழுதி வையுங்கள். 100 வினாடி என்றால் நிமிடத்துக்கு 120 லிட்டர். தொடங்கியதும் ஒருமுறை, இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு ஒருமுறை அளக்க வேண்டும். இரண்டாவது அளவுதான் உண்மை.

வற்றிய போரில் மழைநீரை விடலாமா?

விடலாம், ஆனால் நேராக விடவே கூடாது. ஓடைத் தண்ணீரைக் குழாய் வைத்துப் போருக்குள் இறக்கினால் அதிலுள்ள வண்டல் வெடிப்புகளில் போய் அடையும். கம்ப்ரசர் வைத்துக் கழுவினாலும் ஓரளவுதான் திரும்ப எடுக்க முடியும். கூடவே சாணமும் உரமும் கிருமியும் நிலத்தடிக்கு இறங்கும்.

செய்யும் முறை இது. கேசிங் பைப்பை (போரின் மேல்பகுதியில் மண் சரியாமல் இறக்கிய குழாயை) சுற்றி 6 அடிக்கு 6 அடி, 9 அடி ஆழத்தில் குழி எடுங்கள். கேசிங் அருகில் கடப்பாரையால் கையால் தோண்ட வேண்டும். ஜேசிபி பல் பட்டால் பைப் உடையும். குழியின் அடிப்பகுதி 3 அடி உயரத்துக்கு மட்டும் கேசிங்கில் 8 முதல் 10 மி.மீ. துளைகளை 3 அங்குல இடைவெளியில் போட்டு, நைலான் வலையை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள். அடியில் 4 அடிக்குப் பெரிய கருங்கல், அதன் மேல் 2 அடிக்கு 40 மி.மீ. ஜல்லி, 1 அடிக்கு 20 மி.மீ. ஜல்லி, அதன் மேல் ஒரு வலை, பிறகு 1 அடி பெருமணல். மேலே 1 அடி காலியாக இருக்கட்டும். தண்ணீர் வரும் வழியில், குழிக்கு 10 அடி முன்னால், 5 அடிக்கு 5 அடி, 3 அடி ஆழத்தில் ஒரு வண்டல் தொட்டி கட்டாயம். கேசிங் தரையிலிருந்து 2 அடி உயர்ந்து, திருகு மூடியால் மூடியிருக்க வேண்டும். திறந்த போர்க்குழி குழந்தைகளின் உயிரைக் குடிக்கும்.

கெட்டுப் போவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: மேல் மணலில் படியும் களி ஏடு. ஆண்டுதோறும் மே மாதத்தில் மேலே 2 அங்குல மணலைச் சுரண்டி எடுத்துப் புது மணல் போட்டால் போதும். செய்யாவிட்டால் மூன்றாம் ஆண்டில் குழி வெறும் குட்டையாகிவிடும்.

குடிக்கப் பயன்படுத்தும் போரில் இதைச் செய்யாதீர்கள். மாட்டுக் கொட்டகை, செப்டிக் டேங்க், கோழிப்பண்ணை ஆகியவற்றிலிருந்து 50 அடியாவது தள்ளியிருக்க வேண்டும்.

பழைய கிணறு சும்மா கிடக்கிறது. மூடிவிடலாமா?

தயவுசெய்து மூடாதீர்கள். மேலடுக்கை நிரப்ப நம்மிடம் உள்ள மிகப் பெரிய வாய்ப்பு அதுதான், தோண்டும் செலவும் கிடையாது. மழைநீரை இரண்டு வண்டல் தொட்டிகள் வழியாக விட்டு, 6 அங்குல பைப்பில் கிணற்றுக்குள் கொண்டு வாருங்கள். பைப் முனை சுவரை விட்டு 2 அடியாவது உள்ளே நீட்டியிருக்க வேண்டும். சுவரை ஒட்டி வழிந்தால் மண்கட்டு சரிந்து கிணறே இடிந்துவிடும். குப்பை கொட்டிய கிணறாக இருந்தால், முழுக்கத் தூர்வாரிச் சுத்தம் செய்யாமல் நீரை விடக் கூடாது.

பண்ணைக் குட்டை எந்த அளவில் வெட்டுவது?

நிலத்தின் தாழ்ந்த மூலையில், நீர் தானாக வந்து சேரும் இடத்தில் வெட்டுங்கள். மேற்புறம் 20 மீட்டருக்கு 20 மீட்டர், ஆழம் 2 மீட்டர், பக்கச் சரிவு ஒன்றரைக்கு ஒன்று என்றால் அடிப்பரப்பு 14-க்கு 14 ஆகும். கொள்ளளவு 584 கன மீட்டர், அதாவது 5.8 லட்சம் லிட்டர். ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர் கேழ்வரகை இரண்டு தண்ணீர் விட்டுக் காப்பாற்ற இது போதும் என்று காகிதத்தில் தோன்றும். ஆனால் கோடையில் நாளுக்கு 6 மி.மீ. ஆவியாகும், நிரம்பிய குட்டையில் அது 2,400 லிட்டர். ஆகவே ஒரு ஏக்கருக்கே திட்டமிடுங்கள்.

சரளை மண்ணில் பிளாஸ்டிக் தாள் விரிக்காத குட்டை இரண்டு வாரத்தில் வற்றும். அதை நஷ்டமாக நினைக்க வேண்டாம், கீழே உள்ள கிணற்றுக்குத்தான் போகிறது. பாசனத்துக்கே வேண்டும் என்றால் 500 மைக்ரான் தாள் விரிக்க வேண்டும். தாள் விரித்த குட்டையில் கால் வழுக்கும், ஏற முடியாது. சுற்றிலும் வேலியும், நான்கு பக்கமும் முடிச்சுப் போட்ட கயிறும் இல்லாமல் அதில் நீர் நிரப்பக் கூடாது.

ஏரியைத் தூர்வாரும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் வரத்துக் கால்வாய். ஏரிக்குள் எவ்வளவு ஆழப்படுத்தினாலும் வரத்து அடைபட்டிருந்தால் தண்ணீர் வராது. வருவாய்த் துறையின் புலப்படத்தையும் அ-பதிவேட்டையும் (சர்வே எண் வாரியான நில விவரப் பதிவேடு) வாங்கி, கால்வாயின் அகலத்தை நிலத்தில் நடந்து அளந்து பாருங்கள். ஆக்கிரமிப்பு இருந்தால் 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது. சர்வே எண்ணோடும் அளவோடும் கொடுத்த மனுவுக்கு மட்டுமே வலு உண்டு.

அடுத்தது தோண்டும் இடம். கரையின் அடியை ஒட்டித் தோண்டினால் அடித்தளம் பலமிழந்து, ஏரி நிரம்பும் ஆண்டில் கரை கசியும், பிறகு உடையும். பொறியாளர் குறித்த எல்லைக்குள்ளேயே எடுக்க வேண்டும். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே ஆழப்படுத்தினால் அந்த நீர் வாய்க்காலுக்குப் போகாது. நிலத்தடிக்கும் ஆடுமாட்டுக்கும் பயன்படும். எது வேண்டும் என்பதை ஆயக்கட்டுக்காரர்களோடு (ஏரிப் பாசன நிலம் உள்ளவர்களோடு) பேசி முதலிலேயே முடிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் வந்த பிறகு சண்டை வரும்.

எடுத்த வண்டல் பொன். விவசாயிகள் வட்டாட்சியர் அனுமதியோடு கட்டணமின்றி எடுக்கலாம். ஏக்கருக்கு நஞ்சைக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர். நம் செம்மண் மேட்டு நிலத்துக்கு இது ஈரம் பிடிக்கும் சக்தியைக் கொடுக்கும். அனுமதிச் சீட்டோடு வரும் டிராக்டர்களை ஊர்க்காரர்கள் எண்ணிக் குறித்து வைப்பது நல்லது. வண்டல் என்ற பெயரில் கிராவல் போவதைத் தடுக்க வேறு வழியில்லை.

தடுப்பணை கட்டியும் நீர் நிற்கவில்லையே?

பெரும்பாலும் இரண்டு கோளாறு. பக்கச் சுவர் கரைக்குள் போதுமான தூரம் புதையாததால் வெள்ளம் ஓரமாக அரித்துக்கொண்டு சுற்றிப் போயிருக்கும். அல்லது கீழே நீர் விழும் இடத்தில் கல்தளம் போடாததால் அடி பறிந்திருக்கும். ஒரே இடத்தில் பெரிய அணையை விட, மேலே கரட்டுச் சரிவிலிருந்து தொடங்கி ஓடை நெடுகச் சிறிய கல் தடுப்புகள் அதிகப் பலன் தரும், சரிசெய்வதும் எளிது.

சொட்டுநீர் போட்டால் நிலத்தடி நீர் கூடுமா?

தானாகக் கூடாது. அரசு சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் தருகிறது. மிச்சமாகும் நீரில் ஒரு ஏக்கர் தக்காளியை மூன்று ஏக்கராக்கினால் போரிலிருந்து எடுப்பது குறையாது, விளைச்சல்தான் கூடும். ஒரு பங்கு மிச்சத்தையாவது கீழேயே விட்டால்தான் சேமிப்பு.

பராமரிப்பில் தவறுவது வடிகட்டி. நம் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம். சொட்டு வாய் வெள்ளையாக அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை வடிகட்டியைக் கழுவி, லேட்டரல் (சொட்டு வாய்கள் உள்ள பக்கக் குழாய்) முனைகளைத் திறந்து விடுங்கள். முதல் சொட்டுவானிலும் கடைசிச் சொட்டுவானிலும் 15 நிமிடம் பாத்திரம் வைத்து அளந்து, வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டினால் அமிலச் சுத்திகரிப்புக்கு நேரம் வந்துவிட்டது. அமிலத்தைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது.

ஃபுளோரைடு ஏன் வருகிறது? காய்ச்சினால் போகுமா?

போகாது. காய்ச்சினால் நீர் ஆவியாகி அளவு கூடும். நம் பாறையில் இயற்கையாகவே ஃபுளோரைடு உள்ள கனிமங்கள் இருக்கின்றன. நீர் எவ்வளவு காலம் பாறையோடு கிடக்கிறதோ அவ்வளவு கரையும். ஆழமான போரின் பழைய நீரில் அதிகம் இருப்பதற்கும், மழை கலந்த திறந்த கிணற்றில் பெரும்பாலும் குறைவதற்கும் இதுதான் காரணம். ஆழமாகத் துளைக்கும் ஒவ்வொரு ஊரும் வற்றலோடு நோயையும் சேர்த்து வாங்குகிறது.

இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மி.கி. வரை ஏற்கத்தக்கது, வேறு நீரே இல்லாதபோது 1.5 மி.கி. வரை. அதைத் தாண்டிப் பல ஆண்டு குடித்தால் குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறை, பிறகு மூட்டு இறுக்கம், முதுகு வளைதல். பல்லில் விழுந்த கறையும் எலும்பில் வந்த கோளாறும் திரும்பாது. ஆகவே எட்டு வயதுக்குள் உள்ள குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதலில் நல்ல நீர்.

பரிசோதனைக்கு மோட்டாரை 10 நிமிடம் ஓட விட்டு, பிளாஸ்டிக் கேனை அதே நீரில் மூன்று முறை அலசி, 1 லிட்டர் நிரப்பி, தேதியும் ஆழமும் எழுதிக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுங்கள். கண்ணாடிப் பாட்டில் வேண்டாம்.

வீட்டுக்கு மிக எளிய தீர்வு கூரை மழை. அதில் ஃபுளோரைடு கிட்டத்தட்ட இல்லை. ஐந்து பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 25 லிட்டர்; மழையில்லாத 120 நாளுக்கு 3,000 லிட்டர். 1,000 சதுர அடி காங்கிரீட் கூரையில் 40 மி.மீ. மழை பெய்தாலே அது நிரம்பிவிடும். முதல் 200 லிட்டரைத் தனி டிரம்மில் ஒதுக்குங்கள், மீதியை மணல் வடிகட்டி வழியாக, வெளிச்சமும் கொசுவும் புகாத தொட்டியில் சேருங்கள். 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி அரை மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை நீரைக் குடிக்க வேண்டாம்.

ஆர்.ஓ. கருவி ஃபுளோரைடை நீக்கும். ஆனால் வீட்டுக் கருவிகள் கொடுக்கும் நல்ல நீரை விடக் கழிவாக விடுவது அதிகம். அந்தக் கழிவில் உப்பும் ஃபுளோரைடும் செறிந்திருக்கும். பாத்திரம் கழுவலாம், கிணற்றுப் பக்கம் விடக் கூடாது.

ஒகேனக்கல் தண்ணீர்தான் வருகிறதே, இன்னும் என்ன கவலை?

ஜப்பானியக் கடனுதவியுடன் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இரு மாவட்டங்களுக்கும் பெரும் நன்மை. ஆனால் மேல்நிலைத் தொட்டியில் ஆற்று நீரையும் உள்ளூர் போர் நீரையும் கலந்தால் பயன் பாதியாகிவிடும். போர் நீரில் 3 மி.கி., ஆற்று நீரில் 0.3 மி.கி. என்று வைத்துப் பாதிக்குப் பாதி கலந்தால் 1.65 மி.கி.; மறுபடி எல்லை தாண்டிவிட்டது. குடிக்கத் தனித் தொட்டி, புழங்கத் தனித் தொட்டி என்று ஊராட்சியிடம் கேளுங்கள். தொட்டி நீரை அல்ல, உங்கள் தெருக் குழாய் நீரைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

தென்பெண்ணையில் நுரை பொங்கி வருகிறதே, அந்த நீரைப் பாய்ச்சலாமா?

பெங்களூருவின் தென்கிழக்குப் பகுதிக் கழிவுநீர் ஏரிகள் வழியாக இந்த ஆற்றில் சேர்கிறது. அதிலுள்ள சோப்புப் பொருள்கள்தான் கெலவரப்பள்ளி அணை மதகில் நீர் விழும்போது நுரையாகின்றன. நுரை கரைந்த பிறகும் கரைந்த மாசு நீரில் இருக்கும். கீரை, கொத்தமல்லி, பச்சையாகத் தின்னும் காய்களுக்கு வேண்டாம். மல்பெரியில் பட்டுப்புழுவுக்கு ஆபத்து உண்டா என்பதை இலை கொடுக்கும் முன் பட்டு வளர்ச்சித் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். தென்னை, தீவனப் புல் போன்றவற்றுக்கு மண் பரிசோதனையோடு பயன்படுத்தலாம். ஆற்றோரக் கிணறுகளை ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும் சோதியுங்கள்; நைட்ரேட் 45 மி.கி.-யைத் தாண்டினால் கைக்குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது.

உபரிநீர்க் கால்வாய்கள் வந்துவிட்டால் எல்லாம் தீருமா?

காவிரி உபரியை ஏரிகளுக்கு ஏற்ற வேண்டும் என்ற தருமபுரி மக்களின் கோரிக்கை நியாயமானது. தென்பெண்ணையிலிருந்து வரும் எண்ணேகொல்புதூர், அலியாளம் கால்வாய்களும் வேண்டும். ஆனால் உபரி என்பது வெள்ள ஆண்டில் சில வாரம் மட்டுமே வரும். அந்த நாளில் ஏரியின் கரையும் மதகும் கோடியும் (உபரி நீர் வழியும் இடம்) சரியாக இருக்க வேண்டும். 2017 நவம்பரில் கிருஷ்ணகிரி அணையின் முதல் மதகு உடைந்து, 9,012 ஏக்கர் ஆயக்கட்டுக்கான நீரில் பெரும்பகுதி ஆற்றோடு போனது. ஆகவே கால்வாய்க்காகக் காத்திருக்கும் ஊர்கள் இப்போதே தங்கள் ஏரியின் மதகுப் பலகை, கோடிச் சுவர், வரத்துக் கால்வாய் ஆகிய மூன்றையும் பார்த்து, பழுதைப் படத்தோடு எழுதிக் கொடுக்கட்டும். ஏரி பெரிதானால் நீர்வளத் துறையிடம், 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ளதானால் ஊராட்சி ஒன்றியத்திடம். மனுவைக் கொடுக்க ஏற்ற மாதம் பிப்ரவரி. மதிப்பீடு தயாரித்து, ஜூன் மழைக்கு முன் வேலை முடிய அப்போதுதான் அவகாசம் இருக்கும்.